வாயால் பாடிய மல்லாரி

சின்னக்கண்ணு இறந்துபோன செய்தி வந்தபோது சம்பந்தத்தின் வாய் நிறைய வெந்நீர் இருந்தது.

ஆடிப்பூரத்தன்று காலை ஆறரை மணி. கொல்லையில் கிணற்றடியில் நின்று, முகத்தை வானத்துக்குத் தூக்கி, உப்புப் போட்ட வெந்நீரைத் தொண்டைக்குள் குடுகுடுவென்று உருட்டிக்கொண்டிருந்தான். அன்று இரவு அம்மன் புறப்பாட்டில் பாட வேண்டிய தொண்டை அது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று மூன்று நாளாக அதற்கு நடந்த உபசாரம், தன் அப்பா வந்து தங்கியிருந்தபோதுகூட இந்த வீட்டில் நடந்ததில்லை என்று மனைவி அபிதகுசாம்பாள் சொல்லிவிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ராமதாஸ் வந்து நின்றான். சின்னக்கண்ணுவின் மைத்துனன்.

"சாரு, மாமா பூட்டாருங்க."

சம்பந்தம் தலையைக் கீழே இறக்கினான். வாயில் தண்ணீர். துப்பிவிட்டுப் பேசலாம். ஆனால் சாவுச் செய்தி சொல்லிவிட்டு நிற்கிற ஆளுக்கு முன்னால் எப்படித் துப்புவது? பி.ஏ. படித்தவன் அதையெல்லாம் யோசிப்பான். யோசித்து, அவ்வளவையும் விழுங்கிவிட்டான்.

"எப்போப்பா?" என்று கேட்டான். குரல் மணி அடித்த மாதிரி வந்தது. அந்த நேரத்தில் அப்படி ஒரு குரல் வந்ததற்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"விடியக்கால. அக்கா காபி எடுத்துகினு போயி எழுப்புது, மனுசன் சுவத்துல சாஞ்ச மாதிரியே கீறாரு. மொகம் சிரிச்ச மாதிரி கீதுங்க. நேத்து சாயங்காலம் கடைசியா உங்களாண்டதான் பேசிகினு இருந்தாராம். அப்படி இன்னாதான் சொன்னீங்க அவர்கிட்ட?"

சம்பந்தம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். அவன் சொன்னது வெளியே சொல்லக்கூடிய விஷயமில்லை.

*

சின்னக்கண்ணு தேசூர்க்காரர். பேருக்கும் ஆளுக்கும் பொருத்தமே கிடையாது. பெரிய கண்கள், பீரோ மாதிரி மார்பு, காதில் சிவப்புக் கல் கடுக்கன். அப்பாவும் நாயனக்காரர். ஆரணியில் பச்சையம்மாளைக் கட்டிக்கொண்ட பிறகு, புதுத்தெருக் காமாட்சியம்மன் கோயிலின் பின்சுவரை ஒட்டியே குடிவந்துவிட்டார். அம்மனுக்கு வாசிக்கிற முறை அவருக்கு வந்தது. மற்ற நாட்களில் செய்யாறு, வெம்பாக்கம் என்று கல்யாணங்களுக்குப் போய்வருவார். நாயனத்தை நீளமான காடாத்துணிப் பையில் போட்டுத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினால், புதுக் கண்டக்டர் யாராவது, "கரும்புக்கு லக்கேஜ் போடணும்" என்பான். "இது உள்ள இருக்கறது என் மூச்சு தம்பி. அதுக்குதான் ஏற்கெனவே டிக்கெட்டு வாங்கிட்டேனே" என்பார். அவருடைய இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்பதற்காகவே பக்கத்து சீட்டில் இடம் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு.

சம்பந்தத்துக்கு அவர் அறிமுகமானது அவன் கல்யாணத்தில். எழுபத்திரண்டாம் வருஷம், ஆவணி மாதம். வேலூரில் பொருளாதாரம் படித்து, பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலையும் கிடைத்து, உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று நம்பிக்கொண்டிருந்த காலம். மல்லாரி என்ற சொல்லை ஏதோ ஒரு ரேடியோ உரையில் கேட்டிருந்தான். கம்பீரமான சொல்லாக இருக்கிறதே என்று ஞாபகத்தில் வைத்திருந்தான். மாப்பிள்ளை அழைப்பில், பூ ஜோடித்த காரில் உட்கார்ந்தபடி, மாமனார் காதில் விழும்படியாக நாயனக்காரரை அழைத்தான்.

"சினிமாப் பாட்டெல்லாம் வேணாம். நல்லதா ஒரு மல்லாரி வாசிங்க."

சின்னக்கண்ணு சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். காரை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பணிவாகச் சொன்னார்:

"வாசிக்கலாங்க மாப்ள. ஆனா அதை வாசிச்சா உங்களைத் தோள்லதான் தூக்கினு போவணும். எறக்குற எடத்துல கற்பூரம் காட்டணும். தேங்கா ஒடைக்கணும். ஆளுங்க ரெடியா இருக்காங்களா, கேட்டுச் சொல்லுங்க."

மாமனார் குனிந்து, "இன்னா கேக்கறாரு மாப்பிள்ளை?" என்றார்.

"சாமி ஆவணுமாங்க. சின்ன ஆசைதான்" என்றார் சின்னக்கண்ணு.

அன்றைக்குத் தவில்காரர் சிரித்த சிரிப்பில் தாளம் தப்பியது. சம்பந்தம் காரிலேயே பாதி உயரமாகிவிட்டான். மல்லாரி என்றால் சாமி புறப்படும்போது மட்டும் வாசிப்பது என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அதில் வார்த்தையே கிடையாது. கம்பீர நாட்டை ராகத்தில் நாயனமும் தவிலும் மட்டும், மூன்று காலத்தில், முதலில் நிதானமாக, பிறகு இரட்டிப்பாக, பிறகு அதற்கும் இரட்டிப்பாக. மண்டபத்திலிருந்து வாசல் தாண்டும் வரைக்கும்தான். அதைக் கேட்டதும் தெருவில் இருக்கிறவர்கள், அம்மன் கிளம்பிவிட்டாள் என்று தட்டோடு வெளியே வருவார்கள். அதனால் வீட்டில் சாதகம் பண்ணும்போதுகூட சின்னக்கண்ணு அதை ஊதமாட்டார். ஒருத்தரைச் சும்மா வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டு, 'ஒண்ணுமில்லே, போங்க' என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்பார்.

அந்த அவமானத்துக்கு மறுவாரமே அவரைத் தேடிக்கொண்டு போய் சம்பந்தம் சிநேகம் பிடித்தான். தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பகைத்துக்கொள்வதென்றால் ஆரணியில் யாரோடும் பேச முடியாது என்ற கணக்கும் அதில் இருந்தது. அவர் கடைசி வரைக்கும் அவனை மாப்ள என்றுதான் கூப்பிட்டார். அந்த முறையில் அபிதகுசாம்பாளைத் தங்கச்சி என்பார்.

*

எண்பத்திரண்டு தை மாதம் அவருக்கு இருமல் பிடித்தது. வருஷம் திரும்பியும் விடவில்லை. வேலூருக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்.

"பட்டுல இழை விட்டுப் போன மாதிரி கீதாம் மாப்ள, உள்ள. இனிமே ஊதினா கிழிஞ்சிடுமாம். டாக்டரு சின்னப் பையன். என் நாயனத்தையே பார்த்ததில்ல. ஆனா சொன்னது நெஜம்தான். மாடிப்படி ஏறினாவே தெரியுதே."

மார்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கியது. கடுக்கன் மட்டும் அப்படியே இருந்தது. எண்பத்துமூன்றில் ஆடிப்பூரம் நெருங்கியபோது, கோயில் தர்மகர்த்தாவும் சரிகை வியாபாரியுமான பரசுராமன் வேறு நாயனத்துக்கு அலைந்து பார்த்தார். ஆடிப்பூரத்தில் எந்த ஊர் அம்மன் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்? சுற்றுவட்டாரத்தில் ஒரு செட்டு பாக்கியில்லை. சின்னக்கண்ணுவோடு இரண்டாவது நாயனம் ஊதுகிறவர்கூட வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். செய்யாற்றிலிருந்து சிவப்புக் கோட்டு பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் சின்னக்கண்ணு சம்பந்தத்தின் வீட்டுக்கு நடந்தே வந்தார். நான்கு வீட்டுக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கல்யாணத்துக்குச் சினிமாப் பாட்டு ஊதினவன்தான் நானு. பேண்டுக்காரனைத் தப்பு சொல்ல மாட்டேன், அவனும் மூச்சைப் போட்டுதான் ஊதறான். ஆனா அம்மன் வாசப்படி தாண்டற வரைக்கும் இத்தனை வருசமா மல்லாரிதான் கேட்டுகினு போயிருக்கா. இப்போ திடீர்னு டமடமன்னு அடிச்சா, வேற ஊட்டுக்கு வந்துட்டமோன்னு நெனைச்சுக்க மாட்டாளா? நான் உசுரோட இருக்கற வருசம் அது ஆவக் கூடாது மாப்ள. அதுக்கு ஒரு வழி பண்ணு."

"நான் என்ன பண்ண முடியும்ணா?"

"உங்க பஜனை கோஷ்டி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சும்மா கத்திகினுதானே கீது? அதையே வாயால பாடுங்க."

"அதுக்கு வார்த்தையே இல்லியேண்ணா."

"அதுக்குதான் உன்னாண்ட வந்தேன். ஊருக்கெல்லாம் வார்த்தை சப்ளை பண்றவன் நீதானே?"

இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் ரோஜா நிறத் தாளில் வாழ்த்து மடல் அச்சடித்துப் பந்தலில் வாசிக்க வேண்டும். புதுத்தெருவில் அதை எழுதுவது சம்பந்தம். நிலவும் வானும், வீணையும் நாதமும், நகமும் சதையும் என்று ஒரே மடல்தான். பெயர் மட்டும் மாறும். ஒருமுறை பெயரை மாற்றவும் மறந்து, செய்யாற்றுப் பெண்ணை வேறொருத்தியின் கணவனோடு பல்லாண்டு வாழ வைத்துவிட்டான். ஆனாலும் தான் ஒரு கவி என்பதில் அவனுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

அன்று இரவே எழுதிவிட்டான். காலையில் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினான். 'வாழ்க வாழ்கவே வளமெலாம் சூழ்கவே' என்று ஆரம்பித்தது.

சின்னக்கண்ணு கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாதான் கீது. அம்மன் இன்னா ரிசப்சனுக்கா போறா? மொய் கவர்ல வெச்சுக் குடுத்துடலாம் போல கீதே."

அடுத்ததாக மெட்டைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானமானது. சின்னக்கண்ணுவால் இரண்டு வரிக்கு மேல் முனக முடியவில்லை. சங்கத்தில் உடன் வேலை பார்க்கும் ஒருவர், போன வருஷப் புறப்பாட்டை டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். சம்பந்தம் அதை இரவல் வாங்கி வந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிளக் பாயின்ட் சன்னலோரம்தான் இருந்ததால் சன்னலில் வைத்து, நுணுக்கம் விட்டுப்போகக் கூடாதென்று சத்தத்தை முழுசாகத் திருப்பினான். மல்லாரியை வீட்டில் ஏன் ஊதக்கூடாது என்று பதினோரு வருஷத்துக்கு முன்பே தெரிந்துகொண்ட ஆள் செய்த வேலை இது.

தவில் தட்டி, நாயனம் எழுந்து, இரண்டாம் காலத்துக்கு வருவதற்குள் தெருவில் தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அவன் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்தபோது சன்னலுக்கு வெளியே தெருவே நின்றது. முதல் ஆளாக எதிர்வீட்டுத் தெய்வநாயகி, பஜனை கோஷ்டியில் பாடுகிறவள். ஈரத் தலையில் துண்டு, கையில் தட்டு, தட்டில் உடைத்த தேங்காய், எரிகிற கற்பூரம்.

"அம்மன் எங்க?" என்றாள்.

சம்பந்தம் லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்திருந்தான். பனியனில் ஒரு ஓட்டை.

"இது... டேப்புங்க."

"டேப்பா? தறியில பாதி இழையில விட்டுட்டு ஓடியாறேன். பொம்பளைங்க எல்லாம் ஜல்தி ஜல்தியா கோலம் போட்டுகினு கீதுங்க. டேப்புன்னு சொல்றியே, அறிவு கீதா?" என்றாள். பிறகு கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். ஏற்றின கற்பூரத்தைச் சும்மா அணைக்கக் கூடாது. வேறு வழியில்லாமல் டேப் ரிக்கார்டருக்கு மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த சம்பந்தத்துக்கும் சேர்த்துத்தான் ஆனது. கல்யாணத்தில் ஆசைப்பட்டது ஒருவழியாக நிறைவேறிவிட்டது என்று அபிதகுசாம்பாள் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

பரசுராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்னைக் கேக்காம எவன்யா அம்மனை எடுத்தது?"

விஷயத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. பரசுராமன் கெட்டவரில்லை. பேண்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டவர், அவ்வளவுதான். தெய்வநாயகிதான் வழக்கைப் பேசினாள்.

"நாயனக்காரரு கண்ணெதிர்ல பேண்டு அடிச்சா மனசு தாங்குமா அண்ணா? நாங்க பாடறோம். மெட்டு இன்னா, புதுசா? கல்யாணம் கட்டி வந்த நாள்லேர்ந்து கேட்டுகினுதான் கீறோம். இந்த ஆளு வார்த்தையை மட்டும் கெடுக்காம குடுத்தா போதும்."

கடைசியில் பரசுராமன் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். மண்டபத்திலிருந்து வாசல் வரை பஜனை கோஷ்டி. பேண்டு வெளியே காத்திருக்கும். நடுவில் ஒரு இடத்தில் பாட்டு நின்றாலும் பேண்டு உள்ளே வந்துவிடும். அம்மன் மௌனத்தில் நடக்கக் கூடாது.

சின்னக்கண்ணுவிடம் போய்ச் சொன்னார்கள். "வாசல்ல எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க" என்றார். "எத்தினி வருசம் ஊதிகினே போயிருக்கேன், ஒருநாளும் கேட்டதில்ல. இந்த வாட்டி ஒக்காந்து கேக்கப் போறேன்."

*

சம்பந்தத்தின் இரண்டாவது முயற்சி இலக்கியமாக இருந்தது. ஒரு சுரம்கூட வீணாகப் போகக்கூடாது என்று ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு எழுத்து வைத்து நிரப்பினான். 'கருணைமழைபொழியுமெழில்விழியுடைய' என்று தொடங்கினால் அடுத்த நிறுத்தம் மூன்றாவது தெருவில்தான். எழுதி முடித்து, நிமிர்ந்து, கொஞ்சம் கர்வப்பட்டான்.

ஒத்திகை கோயில் மண்டபத்தில். சின்னக்கண்ணு தூணில் சாய்ந்திருந்தார். முதல் காலம் போயிற்று. இரண்டாம் காலத்தில் ஆண்கள் பக்கம் ஒருவர் பின் ஒருவராக உதிர்ந்தார்கள். சம்பந்தத்துக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. தெய்வநாயகி மட்டும் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போய், முகம் கத்தரிக்காய் நிறமாகி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்தார்கள்.

"எழுதறப்போ நீ மூச்சு வுட்டியா இல்லியா?" என்று கேட்டாள், பேச வந்ததும்.

சின்னக்கண்ணு சிரித்துச் சிரித்து இருமினார், இருமி இருமிச் சிரித்தார். "தப்பு மாப்ளது இல்ல. நாயனத்துல நான் மூச்சு எடுக்கறப்போ ரெண்டாவது நாயனம் புடிச்சுக்கும். கேக்கறவனுக்குத் தெரியாது. இவன் டேப்பைக் கேட்டு, ஒரே ஆளு ஒரே மூச்சுல ஊதறேன்னு நெனைச்சுகினான். என்னைப் பத்தி அவ்ளோ ஒசத்தியா யாரும் நெனைச்சதில்ல."

அன்று யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் சங்கத்துக்குப் போகும் வழியில், ஒரு வீட்டில் கோர்வைச் சேலை ஓடுவதைச் சன்னல் வழியாகப் பார்த்தபடி சம்பந்தம் நின்றுவிட்டான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நடுவில் இருப்பவர் இழை சுற்றிய நாடாவை எறிய, கரைப்பக்கம் இருப்பவர் அடுத்த நாடாவை எறிவார். இரண்டு இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். கோக்காமல் திரும்பினால் சேலை அங்கே பிரிந்து நிற்கும். சின்ன வயதில் அவனும் அந்தக் கரைப்பக்கத்தில் உட்கார்ந்தவன்தான். நாடா எறிய மறந்து கனவு கண்டதால்தான், இவன் படிக்கத்தான் லாயக்கு என்று அப்பா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். குடும்பத்தில் அதை அறிவு என்று சொல்லிக்கொள்வார்கள்.

சாயங்காலம் கோஷ்டியை இரண்டு வரிசையாகப் பிரித்தான். வலப்பக்கம் தெய்வநாயகியின் வரிசை, இடப்பக்கம் அவன் வரிசை. ஒரு வரிசை அடியின் கடைசி எழுத்தை இழுக்கும்போதே, அதே எழுத்தை மற்ற வரிசை பிடித்து மேலே போகவேண்டும். எழுத்துமேல் எழுத்துக் கோத்துக்கொள்ள வேண்டும். நெசவாளர்களிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. தெய்வநாயகி, "கோத்து வுடறதுதானே? இதை நேத்தே சொல்றதுக்கு இன்னா, பேஜாரு புடிச்ச மனுசா" என்றாள்.

வார்த்தையையும் குறைத்தான். குறைக்கக் குறைக்க மெட்டு வெளியே வந்தது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'தாயே வா, வாசல் வா, வாசல் பார்த்து நிக்கிறோம் வா.' இதற்கா பதினைந்து தாள் கிழித்தாய் என்று அபிதகுசாம்பாள் கேட்டாள். சின்னக்கண்ணு மட்டும் சீவாளி பிடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இன்னொருவாட்டி" என்றார்.

ஒரே ஒரு அடி பாக்கி. மூன்றாம் காலம் முடிந்து, அம்மன் வாசப்படியைத் தாண்டும்போது வருகிற முத்தாய்ப்பு. அதற்குச் சம்பந்தம் ஒரு ரகசியமான திட்டம் வைத்திருந்தான். பெரிய பெரிய பாட்டுக்காரர்கள் எல்லாம் கடைசி அடியில் தங்கள் பெயரைப் பதித்திருக்கிறார்கள் அல்லவா? பூரத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, கட்டிலில் சாய்ந்திருந்த சின்னக்கண்ணுவிடம் அதைப் பாடிக் காட்டினான்.

'சம்பந்தன் சொல்கேட்டு வந்தருளே.'

சாய்ந்திருந்த சின்னக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் மாப்ள," என்றார், "அம்மன் வாசப்படி தாண்டற நேரத்துல நீ எதுக்குடா நடுவுல நிக்கிற?"

அப்புறம் சிரித்தார். கட்டில் ஆடியது. பச்சையம்மாள் சுக்குத்தண்ணீரோடு ஓடிவந்தாள். "கல்யாணத்துல ஆரம்பிச்சது, இன்னும் வுடலியே உனக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தள்ளிக்கோ. வேற ஏதாவது போடு. அவளுக்கு வழிவுடற மாதிரி."

"காலையிலே கொண்டுவரேண்ணா."

"காலையில வா. காபி குடிக்கலாம்."

சம்பந்தம் தெருமுனை திரும்பும்போதுகூட அந்தச் சிரிப்புக் கேட்டது.

*

கோயிலின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் சாவு. உடலை எடுக்கிற வரைக்கும் நடை திறக்க முடியாது. சின்னக்கண்ணுவின் தங்கை வெம்பாக்கத்திலிருந்து வரவேண்டும். பரசுராமன் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். பூரம் நாளைக்கு இருக்காது. இன்றைக்குப் புறப்பாடு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

பச்சையம்மாளே வெளியே வந்தாள்.

"மூணு மணிக்கெல்லாம் எடுத்துடுங்க. நாத்தனாரு வந்தா பாக்கட்டும், இல்லாட்டி ஆத்தங்கரைக்கு வந்து பாக்கட்டும். இந்தப் பாட்டுக்காகத்தான் இந்த மனுசன் இத்தினி நாளா மூச்சைப் புடிச்சுகினு இருந்தாரு. எங்க ஊட்டால நின்னுச்சுன்னு பேரு வேணாம்."

சம்பந்தம் சுவரோரம் நின்றிருந்தான். முகம் கோணுவது அவனுக்கே தெரிந்தது. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சாரு, நீங்க இப்போ அழுவாதீங்க. தொண்டை கட்டிக்கும். எல்லாம் முடிஞ்சப்புறம் அழுங்க."

அவன் தலையாட்டினான். அழாமல் நின்றான். கமண்டல நாகநதிக் கரைவரைக்கும் அழாமல் நடந்தான். தங்கை மணலில் ஓடிவந்து விழுந்தபோதும் அழவில்லை. யாரோ ஒருவர், படித்தவங்க கல்நெஞ்சுக்காரங்க என்று பின்னால் சொன்னது காதில் விழுந்தது. தலை முழுகி, வீட்டுக்கு வந்து இன்னொரு முறை முழுகி, அபிதகுசாம்பாள் கொடுத்த மிளகுப்பாலைக் குடித்தான். அவள் எதையும் கேலி செய்யவில்லை.

இரவு மண்டபத்தில் வரிசை நின்றது. தவில்காரர் சின்னக்கண்ணுவுக்குப் பங்காளி, தீட்டு. தாளத்துக்கு ஜால்ரா மட்டும். வாசலில் போடச் சொல்லியிருந்த நாற்காலியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. விஷயம் தெரியாத பேண்டு மாஸ்டர் சிவப்புக் கோட்டோடு அதில் உட்கார்ந்து, கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசி அடி இன்னா?" என்று தெய்வநாயகி காதோரம் கேட்டாள்.

"எழுதலை."

"அப்போ?"

அதற்குள் பல்லக்கைத் தூக்கிவிட்டார்கள்.

முதல் காலம் கோத்துக்கொண்டு போயிற்று. இரண்டாம் காலத்தில் தெருவில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. வாயால் பாடுவதற்கும் பெண்கள் தட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாம் காலம். 'வாசல் வா' என்று வலப்பக்கம் எறிய, இடப்பக்கம் பிடித்தது. எங்கும் நிற்கவில்லை. அம்மன் வாசப்படிக்கு வந்துவிட்டாள். தெய்வநாயகியின் வரிசை கடைசியாக 'வா' என்று இழுத்து, அவன் பிடித்துக்கொள்வதற்காகக் காத்திருந்தது.

சம்பந்தம் வாயைத் திறந்தான். மூன்று நாள் உப்புத்தண்ணீரும் சித்தரத்தையும் அந்த இடத்தில் கைவிட்டன. 'ஆ' என்றுதான் வந்தது. காலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது அது. கம்பீர நாட்டையில் வந்ததா என்று அவனுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அவன் வரிசை, இதுதான் பாடம் போலிருக்கிறது என்று நம்பி, அதே 'ஆ'வை உரக்கப் பிடித்தது. வலப்பக்கம் அதன்மேல் கோத்தது. வாசலில் தட்டோடு நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்தின் நடுவில் பல்லக்கு குனிந்து, நிமிர்ந்து, தெருவுக்கு வந்துவிட்டது. சம்பந்தம் ஓரமாகத் தள்ளி நின்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பேண்டு மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். அவர் தொழில் தெரிந்தவர். முறை தன்னுடையதுதான் என்று தெரிந்தும் உடனே வாசிக்கச் சொல்லவில்லை. கூட்டம் கொஞ்சம் நகர்ந்ததும் சம்பந்தத்திடம் வந்தார்.

"நல்லா இருந்துதுங்க. கடைசில வார்த்தையே இல்லாம வுட்டீங்களே, அது எந்த ஊரு பாணிங்க?"

"தேசூர் பாணி" என்றான் சம்பந்தம்.

மறுவருஷம் நாயன செட்டு கிடைத்தது. அப்படியும், வாசல் வரைக்கும் வாய் மல்லாரிதான் வேண்டும் என்று தெரு கேட்டது. நாயனம் வெளியே காத்திருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடிப்பூரத்துக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. புதிதாகக் கோஷ்டியில் சேருகிறவர்களுக்குத் தெய்வநாயகிதான் சொல்லிக்கொடுக்கிறாள். கடைசி அடியில் 'ஆ' என்று மட்டும் பாடவேண்டும், அதுதான் முறை என்று அடித்துச் சொல்கிறாள். சம்பந்தமும் மறுப்பதில்லை.

ஆனாலும் பூரத்துக்கு முந்தைய நாள், சாயங்காலமானால், அவன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவான். ஒரே ஒரு அடி. காலையிலே கொண்டுவருகிறேன் என்று சொன்னது. எண்பத்துநான்கில் உட்கார்ந்தான், எண்பத்தைந்தில் உட்கார்ந்தான், இந்த எண்பத்தெட்டிலும் உட்கார்ந்தான். இதற்கிடையில் அவன் எழுதிக் கொடுத்த வாழ்த்து மடல்களுக்குக் கணக்கில்லை. நிலவும் வானும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கடைசி அடிக்கு இன்னும் வார்த்தை போடவில்லை.